மூலை இல்லாத வயல்

வெகு காலத்துக்கு முன்னே, எபிரேய மலைநாட்டில் யாசேல் என்ற சின்ன ராஜ்யத்தை அசரியேல் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு பித்து. ஒரு மாதம் அரண்மனையில் எல்லாரும் தாடிக்கு எண்ணெய் பூச வேண்டும் என்றான். அடுத்த மாதம் புறா வளர்த்தான். அதற்கடுத்த மாதம் நீதிமானாக இருப்பது என்று முடிவு செய்தான்.

அமைச்சர் ஏத்தாம் அந்த மாதத்தை நழுவவிடவில்லை. முன்னோரின் சட்டச் சுருளை எடுத்துவந்து, யாரும் விரித்தே பார்க்காத ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். அறுவடையின்போது வயலின் மூலைகளை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்தக் கதிர்கள் ஏழைக்கும் விதவைக்கும் பிழைக்க வந்தவருக்கும் உரியவை.

"நன்றாக இருக்கிறதே. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்றான் அரசன்.

"போன மாதம் புறாக்கள் இருந்தன, அரசே."

அன்றே எக்காளம் ஊதி நாடெங்கும் அறிவித்தார்கள்.

இதைக் கேட்டு முகம் சுருங்கியவன் மல்கிராம். அரண்மனைக் களஞ்சியத்தின் தலைவன். ஊர் வாசலுக்கு வெளியே இருந்த பெரிய சதுர வயல் அவனுடையது. மூலைக் கதிர் போவதுகூட அவனுக்குப் பெரிதில்லை. அரசன் ஏத்தாம் பேச்சைக் கேட்கிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாற்கோதுமை முற்றும் நேரத்தில் ஆட்களை விட்டு வயலுக்குள் நான்கு எல்லையையும் தொடும்படி வட்டமாக ஒரு மண்வரப்பு போட்டான்.

அறுவடையின் முதல் நாள், நோவாள் என்ற விதவை பத்துப் பெண்களோடு கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கே வந்தீர்கள்?" என்றான் மல்கிராம்.

"மூலைக் கதிருக்கு, ஐயா."

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். என் வயல் வட்டம். மூலை எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டு எடுங்கள்."

அறுப்பவர்கள் சிரித்தார்கள். நோவாள் வரப்பை மூன்று முறை சுற்றினாள். பிறகு நேரே அரசவைக்குப் போனாள். மல்கிராமும் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

"என் பிள்ளைகள் நேற்றிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அரசே. சட்டம் மூலை என்கிறது. இவர் மூலையையே எடுத்துவிட்டார்."

அரசனுக்கு நீதிமானாக இருப்பது அதற்குள் கொஞ்சம் அலுத்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏத்தாம், உம்முடைய சட்டத்தை ஒரு வரப்பு ஜெயித்துவிட்டதே."

"நான் சட்டத்துக்கு எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிகிறவன்," என்றான் மல்கிராம் கைகட்டி. "மூலை இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேனா?"

"நாளைக் காலையில் வயலுக்கு வருகிறேன்," என்றான் அரசன். "ஏத்தாம் மூலையைக் காட்டட்டும். காட்டாவிட்டால் அந்தச் சட்டத்தைச் சுருட்டி வைத்துவிடலாம். மல்கிராம் அமைச்சராகட்டும்."

வெளியே வந்ததும் நோவாள் கேட்டாள்: "என்ன செய்யப்போகிறீர்கள், ஐயா?"

"எனக்கே தெரியவில்லை, அம்மா. ஒரு தடவை சுற்றி நடந்து பார்க்க வேண்டும்."

"நான் மூன்று தடவை நடந்தாயிற்று. வரப்புக்கு வெளியே நடக்கவும் வழியில்லை. பயிர் இடுப்பு உயரம் நிற்கிறது."

ஏத்தாம் நின்றுவிட்டார். "வெளியேயும் விளைந்திருக்கிறதா?"

"விதைத்தது சதுரமாகத்தானே? வரப்புதானே இப்போது வந்தது."

அமைச்சர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அரசன் வந்தான், அவை வந்தது, பாதி ஊர் வந்தது. ஏத்தாம் வரப்பை மெல்ல ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "மல்கிராம் சொன்னது சரி. இந்த வட்டத்தில் மூலை இல்லை," என்றார்.

மல்கிராம் அமைச்சரின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டவன் போல நிமிர்ந்து நின்றான்.

"ஒரு சந்தேகம்," என்றார் ஏத்தாம். "வட்டத்துக்கு வெளியே நான்கு பக்கமும் நான்கு துண்டு விளைந்து நிற்கிறதே, அது யாருடையது?"

"என்னுடையதுதான். வேறு யாருடையது?"

"அப்படியானால் உமக்கு ஐந்து வயல். நடுவில் ஒன்று, ஓரத்தில் நான்கு. அரசே, அந்தத் துண்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மூலை. முன்பு நான்கு மூலை விட வேண்டியவர், இப்போது பன்னிரண்டு மூலை விட வேண்டும்."

அரசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அறுப்பவர்களில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் மல்கிராமைக் கெடுத்தது. "அவை வயலே இல்லை," என்று படபடத்தான். "அவற்றுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் வயல் வரப்போடு முடிகிறது."

"நிச்சயமாகவா?" என்றார் ஏத்தாம். "வேண்டுமானால் யோசித்துச் சொல்லலாம்."

தன் எதிரி யோசிக்கச் சொன்னதால் மல்கிராம் யோசிக்கவில்லை. "அரசர் முன் சொல்கிறேன். வரப்புக்கு வெளியே ஒரு பிடி மண்ணும் என்னுடையதில்லை."

"கேட்டீர்களா, அரசே? நான்கு துண்டுக்கும் சொந்தக்காரர் இல்லை."

அரசன் மல்கிராமைப் பார்த்தான், நோவாளைப் பார்த்தான். நீதிமானாக இருப்பதில் இப்படி ஒரு வேடிக்கை இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. "மூலைக் கதிர் கேட்டு வந்தவர்களுக்கு மூலை நிலமே போகட்டும்," என்றான். "கதிரோடு, என்றைக்கும். மல்கிராம், நீர் இன்று முதல் களஞ்சியத்தைப் பார்க்க வேண்டாம். வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். ஏத்தாம், அந்தச் சுருளில் இன்னும் என்ன இருக்கிறது?"

"நிறைய இருக்கிறது, அரசே. அரசர்களைப் பற்றியும் இருக்கிறது."

"அது அடுத்த மாதம்," என்று சொல்லிவிட்டு அரசன் கிளம்பினான்.

அன்று மத்தியானம் பெண்கள் தங்கள் துண்டுகளை அறுத்தார்கள். வரப்புக்கு உள்ளே மல்கிராமின் ஆட்கள் ஒரு கதிர்க்கட்டை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது ஏழைக்கே உரியது என்றும் அதே சுருளில் இருந்தது. அது நோவாளுக்குத் தெரியும். "ஐயா," என்று கூப்பிட்டாள், "இந்தக் கட்டு உங்களுடையதுதானே?"

மல்கிராம் வாயைத் திறந்தான். தூரத்தில் நின்ற ஏத்தாமைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு, கட்டைத் தானே தூக்கிவந்து வரப்புக்கு வெளியே வைத்துவிட்டுப் போனான்.