நிலா கட்டிய கோட்டை

வறண்டு கிடந்த ஆவாரங் கண்மாயின் நடுவில் முயல்கள் குடியிருந்தன. சுற்றிலும் காடு காய்ந்துபோனாலும் கண்மாய் மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தது. அங்கே மட்டும் புல் பசுமையாக நின்றது. பஞ்சி என்ற தாய் முயல் அந்தப் புல்லுக்குள்தான் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. நாலடி தாவினாலே உருண்டு விழும் பிஞ்சுகள் அவை.

ஒரு பௌர்ணமி அன்று நிலா மேலே ஏற ஏற, மெல்லிய மேகங்கள் வானமெங்கும் பரவி, உள்ளே விளக்கு வைத்தது போல ஒளிர்ந்தன. பிறகு நிலாவைச் சுற்றி, நன்றாகத் தள்ளி, ஒரு பெரிய வெள்ளை வட்டம் தோன்றியது. முயல்கள் மேய்வதை விட்டுவிட்டுப் பின்னங்கால்களில் எழுந்து நின்றன. அவ்வளவு அழகு! பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

முயல்களின் தலைவன் நெட்டைக்காதன்தான் முதலில் பேசியது. "நிலா கோட்டை கட்டியிருக்கு. அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிறது யாரு? நம்ம பாட்டன் முயல். நமக்காகத்தான் கட்டியிருக்கார். இனி நமக்கு ஒரு குறையும் வராது."

கரையில் படுத்திருந்த நரி இதைக் கேட்டது. அதற்கு வயிற்றில் பசி, நாக்கில் தேன். கோட்டையைப் பார்த்ததும் தனக்குக் கைகால் நடுங்குவதாகச் சொன்னது. எல்லோரும் புல்லைவிட்டு வெளியே வந்து, கோட்டைக்கு நேர் கீழே வெட்டவெளியில் படுத்துக்கொண்டால் எந்த நரியும் கிட்ட வர முடியாது என்றும் சொன்னது. எதிரியே ஒப்புக்கொண்ட பிறகு என்ன சந்தேகம்? முயல்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பஞ்சிக்கும் நம்பத்தான் ஆசை. ஆனால் ஏதோ உறுத்தியது. நெட்டைக்காதனிடம் போய்க் கேட்டது.

"மாமா, எதிரி வரப்போறான்னு தெரிஞ்சாத்தானே ராஜா கோட்டை கட்டுவார்? அவ்வளவு உயரத்துல இருக்கிற நிலாவே மதில் எழுப்புதுன்னா, என்னமோ வருது. நாம இந்தப் பள்ளத்துல கிடக்கலாமா?"

நெட்டைக்காதன் விழுந்து விழுந்து சிரித்தது. குட்டி போட்டவளுக்குப் புல் அசைந்தாலும் பயம்தான் என்று கேலி செய்தது. மற்றவையும் சேர்ந்துகொண்டன.

பஞ்சி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, நரி இல்லாத எதிர்க்கரைக்கு ஓடியது. அங்கிருந்த பாறை இடுக்கில் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பியது. மூச்சு வாங்கியது, கால் இற்றுப்போயிற்று. கடைசிக் குட்டியோடு கரையேறும்போது ஒரு கணம் நின்று மேலே பார்த்தது. அந்தப் பயத்திலும் வட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது.

நிலா உண்மையிலேயே பயந்ததா என்பது நிலாவுக்குத்தான் தெரியும். ஆனால் விடிவதற்கு முன்பே மேகம் கறுத்துத் திரண்டு, தூரத்து மலையில் மழை கொட்டியது. முயல்கள் வெட்டவெளியில் அயர்ந்து தூங்கின. நரி பதுங்கிப் பதுங்கி இறங்கிவந்து நெட்டைக்காதனின் காதைக் கவ்வியது. அதே நேரம் மலைப்பக்கம் இடி முழங்கியது. வாய்க்கால் வழியே வெள்ளம் பாய்ந்து வந்தது!

நரி அலறியதில் காது தப்பியது, பாதிதான். அப்புறம் யார் நரி, யார் முயல் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. நரியை வெள்ளம் மதகுப் பக்கம் அடித்துக்கொண்டு போனது. பெரிய முயல்கள் தண்ணீரைக் குடித்து, நீந்தி, எப்படியோ கரை சேர்ந்தன.

பொழுது விடிந்தது. குட்டிகள் படுத்திருந்த புல்லுக்கு மேலே எருமை முங்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ராத்திரி முழுக்க நடுங்காத பஞ்சி, அதைப் பார்த்த பிறகுதான் நடுங்கியது. நெட்டைக்காதன் சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் நின்றது. குட்டிகள் மூன்றும் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டது. பஞ்சி நகர்ந்து காட்டியது. மூன்றும் பால் குடித்துக்கொண்டிருந்தன.

அதிசயத்தைக் கண்டு வாய் பிளப்பது தப்பில்லை. அது நம்மைக் காக்கத்தான் வந்தது என்று நாமே சொல்லிக்கொண்டு தூங்கிவிடுவதுதான் ஆபத்து.