கடைசியில் நின்ற செபமாலை

"ஒரே பேரு நாலு தடவை வருது டீச்சர். மிச்சத்தை அழிச்சிட்டு ஒண்ணை மட்டும் வச்சேன். அதுக்கும் சண்டைக்கு வாறாங்க."

சொன்னவர் குருசுமிக்கேல். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நூலகத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பெனிட்டாவுக்கு அவர் மகள் வயசுதான்.

இலவசக் கண் முகாம். முதல் அறுபது பேருக்குத்தான் ஆபரேஷன். போனில் பேர் கொடுத்தவர்களின் பட்டியலுக்கு அவரே புரோகிராம் எழுதியிருந்தார்.

"யாரு சண்டைக்கு வந்தது?"

"மீன் விக்கிற செபமாலை. ரெண்டு கண்ணும் புரை. முதல் நாளே பேர் குடுத்தேன், அப்புறமும் மூணு தடவை போன் பண்ணிக் கேட்டேன்னு சாதிக்கா. பட்டியல்ல இருநூத்திப் பத்தாவதா நிக்கா."

"எப்படி அழிச்சீங்க?"

"அதே பேரு, அதே நம்பர் மறுபடி வந்தா பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சிரும். புதுசுதானே சரியா இருக்கும்?"

பெனிட்டா தன் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.

"நாளைக்கு டாக்டர்மார் வந்திருவாங்க. இதைச் சரி பண்ணாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல. தப்பு எங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன் ஐயா. வரிசையில நில்லுங்க."

பாடம் காட்ட மூன்று பேர் நின்றார்கள். அவர் நாலாவதாக நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள்.

முன்னால் ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தபோது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டீச்சர், என் காரியம் ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு. கடைசிக்குப் போங்க."

திகைத்தார். போனார்.

மறுபடி முன்னேறி வந்தார். டீச்சரோ தலை நிமிரவே இல்லை.

"டீச்சர், நான்தான், குருசுமிக்கேல்."

"தெரியுது ஐயா. கடைசிக்குப் போங்க."

"என்ன போஸ்ட்மாஸ்டரே, விலாசம் சரியில்லையோ? தபால் திரும்பித் திரும்பிப் போகுதே!" என்றது வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேட்டது ஒரு குத்தமா? மறந்துட்டீங்களோன்னு பயந்துதானம்மா திரும்பக் கேட்டேன்! அதுக்காக முதல்ல வந்தவனைக் கடைசியில..."

சொல் பாதியில் நின்றது.

பெனிட்டா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

குருசுமிக்கேல் வரிசையை விட்டு விலகினார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி நாலு வரி அழித்தார், மூன்று வரி எழுதினார். முதலில் வந்த பேர் வந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு வருவதை மட்டும் விட்டுவிடு.

சிலுவை போட்டுக்கொண்டு புரோகிராமை ஓட்டினார்.

பட்டியலின் ஏழாவது வரியில் செபமாலை.