ஊர்க் கரண்டு

அமெரிக்காவிலிருந்து வந்த ஞானையா எங்கள் சர்ச் பாட்டுக்குழுவுக்கு ஒரு பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கொடுத்தார். கொடுத்ததைவிட அதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

"இது நூத்திப்பத்து வோல்ட், அண்ணாச்சி. நம்ம கரண்டு அதுக்கு ரெண்டு மடங்கு. உள்ள டிரான்ஸ்ஃபார்மர மாத்தாம சொருகினா கருகிரும்," என்றான் பேஸ் வாசிக்கிற ஜெயசிங்.

"அமெரிக்கா சாமான்ல கை வைப்பியால? அப்படியே சொருகி வாசி. இல்லன்னா வேற ஆளப் பாக்கேன்."

ஜெயசிங் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினான். "இதக் குடிங்க அண்ணாச்சி. நான் சொருகுதேன்."

ஞானையா தன் மினரல் வாட்டர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்காதுல்லா?"

"இங்கயே பொறந்த உங்களுக்கே ஒத்துக்கலை. உங்க அமெரிக்கா சாமான் நேத்துதான வந்திருக்கு."

ஞானையா பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, "எந்த ஸ்குரூவ முதல்ல கழட்டணும்?" என்று கேட்டார்.