தளபதியின் பிடரியைத் தேடிய கல்

முன்னொரு காலத்தில், ஒரு கடலோரக் கோட்டையில் மகிழவர்மன் என்னும் அரசன் இருந்து ஆண்டான். எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம். ஒருநாள் மாலை மேல்தளத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தவன், வெயில் தாழுமுன்பே கடல்மேல் வந்துவிட்ட நிலாவைப் பார்த்தான்.

“இந்தக் கொட்டையைக் கையிலிருந்து விட்டால் கீழே விழுகிறது. அவ்வளவு பெரிய நிலா மட்டும் ஏன் விழவில்லை?”

பக்கத்தில் நின்ற விகடகவி திருமேனி, “விழுந்துகொண்டுதான் இருக்கிறது, மன்னா. தரைதான் இன்னும் அகப்படவில்லை” என்றான். அரண்மனைக்கு வருமுன் அவன் கப்பலில் பாய்மர உச்சியில் உட்கார்ந்து காவல் பார்த்தவன். பொழுது போகாமல் வானத்தைப் பார்த்துப் பார்த்து இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். கூட இருந்த தளபதி அரிகேசனுக்குப் பொறுக்கவில்லை. அவன் போர்க்களத்தில் வாங்கிய வெட்டுகளுக்குக்கூட அரசன் இப்படி மகிழ்ந்ததில்லை.

“தங்களைக் கேலி செய்கிறான், மன்னா. விழுந்தும் தரையைத் தொடாத கல் ஒன்றை நாளை இவன் எறிந்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்.”

வேடிக்கை அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியே ஆணையிட்டான். திருமேனியின் மனைவிக்கு நிறைமாதம். அவளை அழைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது?

மறுநாள் காலை கவணோடு கோட்டைச் சுவரில் ஏறினான். ஒரு கல்லை மெதுவாக வீசினான், அகழியில் விழுந்தது. இன்னொன்றை வேகமாக வீசினான். கடற்கரை மணலில் விழுந்தது.

“பாருங்கள், மன்னா. எறிந்த கல் நேராகவே போகப் பார்க்கிறது. பூமி அதைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் வளைந்து இறங்குகிறது. பூமியும் உருண்டைதான்; தூரத்துக் கப்பலில் முதலில் பாய் தெரிகிறது, பிறகுதானே உடல் தெரிகிறது? மகா வேகத்தில் எறிந்தால், கல் இறங்க இறங்கத் தரையும் வளைந்து இறங்கிக்கொண்டே போகும். கல் விழும், ஆனால் தொடாது. நிலாவும் அப்படித்தான் நம்மைச் சுற்றுகிறது.”

“வாயால் வீசியது போதும். கையால் வீசு” என்றான் தளபதி.

“வீசுகிறேன். கிழக்கே போகிற கல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு, நாலு நாழிகைக்குள் மேற்கிலிருந்து இதே இடத்துக்கு வர வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டாமா? தளபதியார் இங்கே கடலைப் பார்த்து நிற்கட்டும். கல் வருமென்று அவரே ஒப்புக்கொண்டால் நான் ஜெயித்தேன். இல்லையென்றால் இன்றே மூட்டை கட்டுகிறேன்.”

“கல்லாவது, வருவதாவது” என்று தளபதி மார்பை நிமிர்த்தி நின்றான்.

திருமேனி பல்லைக் கடித்துக்கொண்டு கவணைச் சுழற்றி விட்டான். கல் கடலின் வெயில் பளபளப்பில் மறைந்தது.

முதல் நாழிகையில் தளபதி மீசையை முறுக்கினான். இரண்டாவதில் பிடரியைச் சொறிந்தான். மூன்றாவதில் கழுத்து வியர்த்து வழிந்தது; அரசன் பார்க்காதபோது திரும்பிப் பார்த்துக்கொண்டான். நான்காவது நாழிகையில், மேற்கிலிருந்து ஒரு காக்கை அவன் தலைக்கு மேலே விர்ரென்று பறந்தது.

“ஐயோ, வந்துவிட்டது” என்று அலறி, தளபதி தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தான்.

அரசன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வந்துவிட்டதாமே. சாட்சி சொல்லியாகிவிட்டது. திருமேனி ஜெயித்தான்.” பிறகு திருமேனியின் காதருகே குனிந்தான். “உண்மையைச் சொல். கல் எங்கே?”

“கடலில்தான், மன்னா. நான் சொன்னது பொய்யில்லை, என் கையில்தான் அவ்வளவு பலமில்லை.”

அரசனுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டான். தளபதிக்கும் ஒரு பரிசு தந்தான்: பிடரியை மறைக்கும் இரும்புத் தகடு.

தளபதி அதை வெறுப்போடுதான் வாங்கிக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு, சாப்பிடும்போதுகூட அவன் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.