தவசிமுத்து மாமன் மூணு வாட்டி பஞ்சரான கதை

ஒரு ஊர்ல ஒரு தாய்மாமன் இருந்தான். பேரு தவசிமுத்து. பேருதான் தவசி, பொறுமைங்கிறது மருந்துக்கும் கிடையாது. சோத்தை வாயில போட்டதுக்கு அப்புறந்தான் சுடுதான்னு பாப்பான். சட்டைப் பட்டனை மாத்தி மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வருவான். என்னத்துக்குடி சிரிக்கிற? காலையில நீ செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனியே, நான் சிரிச்சேனா? ம் சொல்லு. ம் கொட்டினாத்தான் கதை நகரும்.

ஆங், அப்படி.

இம்புட்டு அவசரக்காரன் எல்லா எடத்துக்கும் முந்திப் போயிருக்கணும்ல? அதுதான் கிடையாது. பாதி தூரம் போயி, எதையோ மறந்துட்டோம்னு திரும்பி ஓடியாருவான். அவன் தங்கச்சி சண்முகக்கனி கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிஞ்சு பந்தியில எலை போட்டப்புறம் போயி நின்னான். அவ வளைகாப்புக்கு நேரத்துக்குப் போனான், வளையல் வீட்டுலயே இருந்துச்சு. ஆத்தா அப்பன் இல்லாத பிள்ளைங்க ரெண்டும். கனிக்குப் பொறந்த வீடுன்னு சொல்லிக்க இந்த ஒத்த அண்ணன்தான்.

அப்புறம் கனிக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. பதினோராம் மாசம் குலசாமி கோயில்ல காதுகுத்துன்னு நாள் குறிச்சாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்தணும்? கனி போன் போட்டுச் சொல்லிட்டா. "எண்ணே, ஞாயித்துக்கிழமை பத்தரை வரைக்குந்தான் நல்ல நேரம். கல்யாணத்துக்கு நீ நேரத்துக்கு வரல, நான் ஒண்ணும் சொல்லல. இதுக்கும் நேரத்துக்கு வரலைன்னு வையி, எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்."

தவசிமுத்துக்குச் சுருக்குன்னுச்சு. ராத்திரியெல்லாம் தூங்கல. விடிஞ்சதும் புது வேட்டி கட்டி, பிள்ளைக்கு வாங்குன கம்மலைச் சட்டைப்பையில வச்சு, தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு, எட்டு மணிக்கே பைக்கை எடுத்துட்டான். டுபுடுபுடுபு! ஒரு மணி நேரத்து ரோடு. நல்லா ரோட்டுலயே போயிருக்கலாம்ல? துரைக்கு அது சுத்து வழியாம். கம்மாக்கரை வழியா விட்டான். அங்க எவனோ சீமைக்கருவை முள்ளை வெட்டி வழிநெடுக போட்டிருந்தான்.

அப்போ என்ன கேட்டுச்சு தெரியுமா? புஸ்ஸ்ஸ்ஸ்...

பின்சக்கரம் சப்பையாப் போச்சு. வண்டி லொடக் லொடக்னு ஆடுது. "அட கெரகமே!"ன்னு எறங்கி, புது வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளுறான், தள்ளுறான், ரோட்டோரத்துல ஒரு பஞ்சர் கடை வர்ற வரைக்கும் தள்ளுறான். ம் சொல்லுடி.

அந்தக் கடைக்காரர் பேரு சூசை. பதறாத மனுசன். டயரை நெம்பி, டியூப்பை உருவி, காத்தடிச்சுத் தண்ணித் தொட்டியில முக்குனாரு. குளுகுளு குளுகுளுன்னு ஒரு எடத்துல காத்து முட்டை முட்டையா வந்துச்சு. அந்த எடத்தை சர்ரக் சர்ரக்னு தேச்சு, பசை தடவி, காயட்டும்னு வச்சாரு. நம்மாளு பக்கத்துல நின்னு உப்பு உப்புன்னு வாயால ஊதுறான்!

"அண்ணாச்சி, எச்சி தெறிக்குது, தள்ளி நில்லும்"னாரு சூசை. அப்புறம் ஒட்டுப் போட்டு டொக் டொக்னு தட்டிட்டு, டயருக்குள்ள கைய விடப் போனாரு.

"அங்க என்னத்தத் தேடுறீரு? ஓட்டை டியூப்புலதானே? அதை அடைச்சாச்சுல்ல? மாட்டும் மாட்டும், எனக்குக் காதுகுத்து!"

"உமக்கா?"ன்னு கேட்டாரு சூசை. கேட்டுட்டு, நமக்கென்னன்னு மாட்டி விட்டுட்டாரு.

டுபுடுபுடுபு! பறந்தான். ஒரு பாலம் தாண்டுனான், ரெண்டாவது பாலம் வந்துச்சு.

புஸ்ஸ்ஸ்ஸ்...

"ஒட்டா போட்டான் அவன், பொட்டுல்ல வச்சு விட்டிருக்கான்!"னு சூசையத் திட்டித் தீத்துக்கிட்டே தள்ளுனான். அடுத்த கடையில ஒரு குண்டு மனுசன் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. காப்பியக் குடிச்சு முடிக்க விடல நம்மாளு. அவரும் பாவம், டியூப்பை முக்கிப் பாத்தாரு. குளுகுளு குளுகுளு.

"அண்ணாச்சி, பழைய ஒட்டு கல்லு மாதிரி நிக்குது. இது பக்கத்துலயே புதுசா ஒரு ஓட்டை. எனக்கென்னமோ டயருக்குள்ள..."

"யோவ், பேச்சைக் கொறையும், ஒட்டைப் போடும்! என் தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா!"

அந்த மனுசன் வாய மூடிக்கிட்டு ஒட்டைப் போட்டாரு. அவரு காப்பி ஆறிப்போச்சு. மறுபடியும் டுபுடுபுடுபு. அரைக் கிலோமீட்டர் கூடப் போகல. என்ன ஆயிருக்கும், நீ சொல்லு?

ஆங். புஸ்ஸ்ஸ்ஸ்! தூக்கத்துலயும் கரெக்டா சொல்லுதே கழுதை.

அப்போ மணி ஒம்போதே முக்கால். வேட்டியெல்லாம் கருப்பு, மூஞ்சியெல்லாம் வேர்வை. அந்நேரம் பாத்து போன் அடிக்குது.

"எண்ணே, எங்கிட்டு வர்ற?"

"இந்தா, வந்துட்டேன் தாயீ, கோயில் தெரியுது!" கோயிலா தெரிஞ்சுச்சு? பனைமரந்தான் தெரிஞ்சுச்சு.

"ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. ஒன்னுவிட்ட அண்ணன் பால்ராசு, நான் மடியில வச்சுக்கிறவான்னு கேக்குறாரு. எங்க மாமியாளும், எந்த மாமனா இருந்தா என்ன, மடிதானேங்குறாக." அம்புட்டுதான் சொன்னா. போனை வச்சுட்டா.

தவசிமுத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. தங்கச்சி திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அழுகையும் ஆத்திரமுமா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனா, மூணாவது கடை. அங்க இருந்தது ஒரு பொம்பளை. மரியபுஷ்பம்னு பேரு. சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, லாரி டயர் மேல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா, சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம்!"

அந்தக்கா ஏற எறங்கப் பாத்துச்சு. "தம்பி, மூணு சீக்கிரம் சொன்னா மூணு மடங்கு நேரமாகும் என் கடையில. அந்த ஸ்டூல்ல உக்காரு. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீன்னா பூண்டு உரிக்கப் போயிருவேன்."

என்ன பண்ணுவான்? உக்காந்தான். கையக் கட்டிக்கிட்டு, வாய இறுக்கிக்கிட்டு, முழங்காலு மட்டும் டக டக டகன்னு ஆடுது. பொறந்ததுல இருந்து அவன் சும்மா உக்காந்தது அதுதான் மொதத் தடவை. அந்தக்கா டியூப்பை எடுத்துப் பாத்துச்சு. வரிசையா ரெண்டு ஒட்டு, பக்கத்துலயே மூணாவதா ஒரு ஓட்டை.

"ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் ஒட்டியிருக்காக. உள்ள பாக்க விட்டியா அவுகள?"

அவன் இல்லைன்னு தலைய ஆட்டுனான்.

அந்தக்கா ஒரு பழைய துணிய எடுத்துச்சு. டயருக்குள்ள விட்டு, மெள்ள ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. ஒரு எடத்துல வெடுக்குன்னு துணி மாட்டிக்கிச்சு. குறடால புடிச்சு, பொட்டுன்னு இழுத்து, அவன் உள்ளங்கையில வச்சுச்சு. கருவமுள்ளு! உன் சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கும். வெளிய ஒடிஞ்சு தெரியவே இல்ல, உள்ளுக்குள்ள முனைய நீட்டிக்கிட்டு, ஒட்ட ஒட்டக் குத்திக்கிட்டே இருந்திருக்கு.

"இப்பப் பேசலாம்"னுச்சு அந்தக்கா.

"இதப் பாக்க... எம்புட்டு நேரமாச்சு அக்கா?"

"ஒரு கொட்டாவி விடுற நேரம்."

ஆமா, இப்ப நீ விட்டியே, அம்புட்டு நேரந்தான். அந்தக் கொட்டாவி நேரத்தைக் குடுக்க மாட்டேன்னு, ஒரு மணி நேரத்தைத் தொலைச்சிருக்கான் மடையன். சூசையையும் அந்தக் காப்பிக்காரரையும் திட்டுனது நெனப்பு வந்துச்சு. வெக்கமாப் போச்சு அவனுக்கு. அந்தக்கா பசை காஞ்சதும் ஒட்டைப் போட்டு, மாட்டி, காத்தடிச்சு விட்டுச்சு. "போயிட்டு வா, ரோட்டுலயே போ"ன்னு அனுப்பிச்சு.

அப்புறம் டுபுடுபுடுபு. ஒரு புஸ்ஸும் இல்ல. ம்? முழிச்சிருக்கியா? இன்னும் கொஞ்சந்தான்.

கோயிலுக்கு அவன் போய் எறங்கையில பத்தரைக்கு நாலு நிமிசம். கூட்டம் பூரா கனியச் சுத்தி நிக்குது. பால்ராசு பலகையில சம்மணம் போட்டு, துண்டை மடியில விரிச்சு ரெடியா உக்காந்திருக்காரு. மாமியா, "குடு பிள்ளைய, நேரம் போகுது"ன்னு கைய நீட்டுறா. கனி குடுக்கல. பிள்ளைய இடுப்புல இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா. "இன்னும் நாலு நிமிசம் இருக்கு"ங்குறா.

அத இவன் பாத்துட்டான்.

பால்ராசு எந்திரிச்சாரு, இவன் உக்காந்தான். கனி பிள்ளையக் கொண்டாந்து மடியில வச்சா. ஆசாரி ஊசிய எடுத்தாரு. சுருக், சுருக்! பிள்ளை வீல்ல்னு கத்துச்சு. மாமன் மூக்கப் புடிச்சு இழுத்துச்சு, வேட்டிய நனைச்சுச்சு. கம்மலப் போட்டு, வாயில ஒரு துண்டு வாழைப்பழத்தை வச்சதும் அழுகைய நிறுத்திருச்சு.

மாமன் நிறுத்தல. கேவிக் கேவி அழறான், இம்புட்டுப் பெரிய ஆம்பளை.

கனிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எண்ணே, குத்துப்பட்ட பிள்ளையே நிறுத்திருச்சு. உனக்கு எங்க குத்துச்சு?"

"நேரம் முடியப் போகுதுன்னு தெரிஞ்சும் பிள்ளைய யாருட்டயும் குடுக்காம நின்னியே தாயீ..."

கனி முந்தானையால அவன் மூஞ்சியத் தொடைச்சு விட்டா. மூஞ்சியில இருந்த டயர்க் கருப்பெல்லாம் இழுவிக்கிச்சு.

"பின்ன? எனக்கென்ன ரெண்டு அண்ணனா இருக்கான்?"

அம்புட்டுதான். மாமனும் போய்ச் சேந்தான், பிள்ளைக்கும் காது குத்தியாச்சு, கதையும் காத்தெறங்கிப் போச்சு. கண்ண மூடு, தங்கம். ம் எல்லாம் சொல்ல வேணாம், தூங்கு.