பத்துப் பங்கு வெளிச்சம்

"கையெழுத்துப் போட்டுடட்டுமா மேடம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்டவருக்கு நாற்பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் இயற்பியல் வாத்தியார். மூன்று வருஷம் லீவு போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. அவருக்கு வழிகாட்டி டாக்டர் திலகவதி. அவரைவிடப் பதினொரு வயது இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அவர் கையில் இருந்தது ஆய்வுக் குழு அனுப்பிய கடிதம். 'ஐந்தாம் அத்தியாயத்தில் நான் கண்டதாகச் சொன்ன ஒளி வெறும் மின்னிழை வெளிச்சமே. அந்த அத்தியாயத்தை நீக்கிக்கொள்கிறேன்.' கீழே மாசிலாமணியின் பெயர். பெயருக்கு மேலே கொஞ்சம் காலி இடம். அதில் கையெழுத்துப் போட்டால் மீதி நான்கு அத்தியாயங்களுக்குப் பட்டம் உறுதி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழு பதினொரு மணிக்குக் கூடுகிறது. அப்போது மணி எட்டே முக்கால்.

அந்த அத்தியாயத்தில் என்னதான் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தங்கத் தகட்டில் மனுஷன் நானோ கோடுகள் கீறியிருந்தார். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நானூறு கோடு. அவற்றின் மேலே, தொட்டும் தொடாமலும், எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் கோடுகளிலிருந்து ஒளி பிறக்கும். பிறந்தது என்று எழுதினார். ஆனால் எலக்ட்ரானைக் கக்கும் துப்பாக்கியிலும் ஒரு மின்னிழை உண்டு, பழைய குண்டு பல்பில் இருக்குமே, அது மாதிரி. சூடானால் அதுவும் வெளிச்சம் விடும். நீர் பார்த்தது அதைத்தான் என்று குழுத் தலைவர் துரைக்கண்ணு போன மாதம் சொல்லிவிட்டார். அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்றாள் திலகவதி.

"அவர் சொல்றது தப்பு மேடம். ஆனா பெரிய இடம். அவரை எதிர்த்துக்கிட்டு நம்மால நிக்க முடியுமா?"

"தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாசிலாமணி கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார்.

அவள் அவருடைய ஆய்வு நோட்டை எடுத்துப் புரட்டினாள். தொண்ணூறு நாள் அளவுகள், முத்து முத்தாக எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'கற்றையை நிறுத்தி'. அந்தக் கட்டத்தில் எல்லா நாளும் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தார்.

"இங்க ஒரு நம்பர்கூட இல்லையே சார்."

"மிஷின்ல நேரம் கிடைக்கிறது கஷ்டமா இருந்துச்சு மேடம்."

"நிறுத்தி அளக்க ஒரு நிமிஷம் ஆகுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு. நிறுத்தின பிறகும் வெளிச்சம் அப்படியே இருந்துட்டா என்ன பண்றது?"

கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பயந்துவிட்டால் கெட்டிக்காரத்தனம் எதற்கு ஆகும்? தொண்ணூறு நாளும் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, உள்ளே கால் வைக்கவில்லை.

திலகவதி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். "படிக்காமப் போட்டிருக்கேன். இதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றாள். பிறகு ஆய்வுக்கூடத்து எலக்ட்ரான் இயந்திரத்தின் முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. மின்னிழை எரியட்டும். கற்றையை மட்டும் நிறுத்துங்க."

ஒளியை எண்ணும் கருவி ஆயிரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கற்றையை நிறுத்தினார். எண் இறங்கியது. தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டது.

மறுபடி விட்டார், மறுபடி நிறுத்தினார். அதே தொள்ளாயிரம்தான்.

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போனது. மூன்று வருஷம், வீட்டில் கேட்ட பேச்சு, பிள்ளைகளிடம் சொன்ன சமாதானம், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பேனாவை வைங்க சார்."

"அவர் சொன்னதுதானே மேடம் சரி. நூத்துல தொண்ணூறு மின்னிழை."

"தொண்ணூறு போச்சு. போகட்டும். மிச்சம் பத்து என்னது?"

"தெரியலையே."

"தெரியாம எதுக்குக் கையெழுத்து? வோல்ட்டைக் குறைச்சுப் பாருங்க."

ஒளியை நிறம் பிரித்துக் காட்டும் திரையை அவள் போட்டாள். முப்பதாயிரம் வோல்ட்டில் ஒரு பெரிய மேடு தெரிந்தது. அதன் சரிவில், பச்சை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்னப் புடைப்பு. தொண்ணூறு நாளும் இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் அவர் எழுதிவந்திருக்கிறார்.

இருபத்தையாயிரத்துக்கு இறக்கினார், எலக்ட்ரானின் வேகம் குறைந்தது. கற்றையைக் கோடுகளுக்கு நேராக மறுபடி கொண்டுவரவே அரை மணி நேரம் ஆனது. பெரிய மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. புடைப்பு ஆரஞ்சுக்கு நகர்ந்திருந்தது.

இருபதாயிரம். இன்னொரு அரை மணி. புடைப்பு சிவப்பில் நின்றது. மேடு அசையவில்லை.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சூடான இழைக்கு எலக்ட்ரானின் வேகம் பற்றி என்ன தெரியும்? வேகம் குறையக் குறையச் சிவப்புப் பக்கம் போவது அவர் கீறிய கோடுகளில் பிறந்த ஒளி மட்டும்தான். பாலிடெக்னிக் வாத்தியாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே பார்த்திருக்கலாம் மேடம்."

"பார்த்திருக்கலாம்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அது உங்க கடிதம் சார்" என்றாள்.

பதினொரு மணிக்குக் குழுவின் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணி கடிதத்தை நீட்டினார். அச்சடித்திருந்த வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே கையால் எழுதியிருந்தார். துரைக்கண்ணு அதைச் சத்தமாகப் படித்தார்.

"தொண்ணூறு பங்கு மின்னிழை வெளிச்சம். தலைவர் சொன்னது சரி, தப்பு என்னுடையது. பத்துப் பங்கு கோடுகளின் வெளிச்சம். அதை நீக்க மாட்டேன்."

கூடவே மூன்று அளவுகளின் படங்கள் இருந்தன. துரைக்கண்ணு அவற்றைப் புரட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்தார்.

"இப்படி எழுதினா நாங்க பட்டத்துக்குச் சிபாரிசு பண்ண முடியாது. இன்னும் ஒரு வருஷம் அளக்கச் சொல்லுவோம். உங்களுக்கு லீவு இல்லை, வயசும் ஆச்சு. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சுட்டேன் சார். சனி ஞாயிறு வந்து அளக்கிறேன்."

"பத்துப் பங்குக்காகப் பட்டத்தை விடுறீங்களா?"

"விடுறேன் சார்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு சார். இருந்தாலும் விடுறேன்."

துரைக்கண்ணு திலகவதி பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. பத்துப் பங்குங்கிறது ஒண்ணுமே இல்லை. பேசாம எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

திலகவதி கவிழ்த்து வைத்த படங்களை நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுமே இல்லாததை எடுக்கறதுக்கு அவர் கையெழுத்து எதுக்கு சார்?"