இதுவா சோறு?

முன்னொரு காலத்திலே, மழை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிற கரிசல் சீமை ஒன்று இருந்தது. அந்தச் சீமை ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆற்றங்கரை நாட்டிலிருந்து வந்தாள் செங்கமலம். இரக்கமுள்ள ராணி. அந்த இரக்கம்தான் வினையாகப் போயிற்று, கேளுங்கள்.

ஜனங்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கக் கிளம்பினாள். முதல் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். "சோறு, தாயி" என்றார்கள். பானையைத் திறந்தால் மங்கலான வெள்ளையில் என்னவோ இருந்தது. "ஐயோ பாவம், இதுவா சோறு?" என்றாள். இரண்டாம் வீட்டிலும் சோறு என்றார்கள். பானைக்குள் பழுப்பாக என்னவோ இருந்தது. "ஐயோ பாவம், இதுவா சோறு?" மூன்றாவது, கைப்பிள்ளைக்காரி குருவம்மாள் வீடு. அவள் பானையில் பச்சையும் சாம்பலுமாக என்னவோ. "ஐயோ பாவம், இதுவா சோறு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ராணி.

அரண்மனைக் கிணற்றில் ஒரு பூதம் இருந்தது. கேட்டதைக் கொடுக்கும், யோசனை மட்டும் சொல்லாது. என் ஜனங்களுக்கு நெல்லுச்சோறு கொடு என்றாள் ராணி. குதிரில் கிடந்த தானியமும் காட்டில் நின்ற பயிரும் கண்மூடித் திறப்பதற்குள் நெல்லாக மாறிவிட்டன.

கொஞ்ச நாள் ஊரெல்லாம் விருந்துதான். பிறகு குதிர் காலியானது. காட்டில் நின்ற நெல்லோ தண்ணீர், தண்ணீர் என்று தவித்துக் கருகியது. குருவம்மாளுக்குப் பால் வற்றிப்போனது.

ராணி பதறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பழைய தானியங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேள் என்றது பூதம். ராணிக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. மூன்று பானையைத் திறந்து பார்த்தவள், ஒன்றின் பெயரையாவது கேட்டாளா, பாவி!

குருவம்மாளைத் தேடி ஓடினாள். அங்கே தொட்டில் வெறுமையாக இருந்தது. பிள்ளையை அன்று காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். ராணி கூனிக்குறுகி நின்று கேட்டாள். குருவம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஊர் பிழைக்க வேண்டுமே என்று சொல்லிக்கொடுத்தாள்: "சோளம், வரகு, கம்பு."

சோளம், வரகு, கம்பு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து ராணி கிணற்றடியில் கேட்டாள். மாயம் விலகியது. காடெல்லாம் பழையபடி கதிர் பிடித்து நின்றது. ஊர் பிழைத்தது. போன பிள்ளையை மட்டும் பூதத்தால் கொண்டுவர முடியவில்லை.

அறுவடை முடிந்ததும் ராணி தனியாகப் போய்க் குருவம்மாள் வாசலில் நின்றாள். குருவம்மாள் உட்காரச் சொல்லிக் கம்பஞ்சோறு வைத்து மோர் ஊற்றினாள்.

"அன்னைக்கே ஒரு வாய் தின்னு பாத்திருக்கலாம், தாயி."

ராணி தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.